சுனைக்குக் காவல் யார்? கல்வராயன்மலையிலிருந்து அரிட்டாபட்டி வரை

கல்வராயன்மலை எபிசோடு வந்த பிறகு நீங்க அனுப்பின கேள்விகள்ல ஒண்ணு மட்டும் என்னை விடாம சுத்திக்கிட்டே இருந்தது. சென்னையில வேலை பார்க்கிற, சின்னசேலம் பக்கத்துக்காரர் ஒருத்தர் கேட்டது: "மலைல அருவிக்குப் போர்டு இருக்கு, காப்புக்காடுன்னு போர்டு இருக்கு. சுனைக்கு எதுவும் இல்லையே, அதை யார் பார்த்துக்கிறாங்க?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல நான் கல்வராயன்மலையை விட்டுக் கொஞ்ச தூரம் தெற்கே போக வேண்டியிருக்கு, மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். ஏன் அங்கேன்னு போகப்போகப் புரியும். முதல்ல நம்ம ஊர்.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். எங்களுக்கு மேற்குன்னாலே மலைதான். கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டு அது. பச்சைமலை, சேர்வராயன், ஜவ்வாது இதெல்லாம் அதோட அக்கம்பக்கத்து உறவுகள். கோமுகி ஆறு அங்கேருந்துதான் இறங்குது. கச்சிராயபாளையம் பக்கத்துல அணையில தேங்கி, வயல்களுக்குப் பிரிஞ்சு, மிச்சம் வெள்ளாற்றுப் படுகைக்குப் போகுது. கீழே இருக்கிற எங்களுக்கு மலை என்பது தண்ணீர் வர்ற திசை. அவ்வளவுதான் தெரியும்.

மலைக்குள்ள தண்ணீர் எப்படி நிக்குதுங்கிறது வேற கதை. இது கடினப் பாறை மலை. ஆற்று மணல் மாதிரி தண்ணியை உறிஞ்சி வச்சுக்காது. மழை பெய்தா பாறை வெடிப்புல இறங்கும். வெடிப்புக்குள்ள மக்கின பாறையும் மண்ணும் நிறைஞ்சிருந்தா தண்ணி அங்கே மெதுவா நகரும். சரிவுல எங்கேயாவது வெடிப்பு வாயைத் திறந்தா அங்கே கசியும். அந்தக் கசிவு பாறைக் குழியில தேங்கினா சுனை. மண்ணுல பூத்து ஓடினா ஊற்று. ஐப்பசி கார்த்திகையில விழுந்த மழையை மலை கொஞ்சங்கொஞ்சமா மாசி பங்குனி வரைக்கும் கொடுக்கும். மேலே மரம் போனா, மண் கரைஞ்சா, இல்ல பாறைக்கு வெடி வச்சா, இந்தக் கணக்கு தப்பிப் போகும். பார்த்தா மலை அப்படியேதான் இருக்கும். சுனை மட்டும் வத்திடும்.

சரி, இந்த மலைக்கு யார் பொறுப்பு? வரலாற்றுப்படி பார்த்தா ரொம்ப நாளைக்கு மலையில வாழ்ந்தவங்க பொறுப்பு இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை மூணு ஜாகீரா இருந்தது: சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன். விஜயநகர மன்னர் கொடுத்த உரிமைன்னு சொல்லிக்கிட்டாங்க. மலையாளிப் பழங்குடி மக்கள் ஏருக்கு வரி கொடுத்தாங்க, ஜாகீர்தார் வீட்டுக்கும் நிலத்துக்கும் கூலியில்லாம உழைச்சாங்க. நாடு விடுதலையடைஞ்சு கால் நூற்றாண்டு தாண்டியும் இது நடந்தது. 1976-லதான் அரசாங்கம் மலையைத் தன் கைக்கு எடுத்தது. ஜாகீர் போனது. ஆனா காடு வனத்துறை கைக்கு, ரோடு ஒரு துறைக்கு, தண்ணி இன்னொரு துறைக்குன்னு போச்சு. தினம் சுனையில குடம் முக்கினவங்க பேருக்கு வந்தது குறைச்சல்தான். காட்டில் அவங்களுக்கு உரிமை உண்டுன்னு ஒரு சட்டம் சொல்றதுக்கு 2006 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கீங்களா? கல்வராயன்மலை ஓடைகள் செய்தித்தாள்ல வர்றது பெரும்பாலும் ஒரே மாதிரி செய்தியிலதான். 'ஓடைக்கரையில் பதுக்கி வைத்திருந்த சாராய ஊறலைப் போலீசார் அதே இடத்தில் கொட்டி அழித்தனர்.' ஊறல் போடத் தண்ணி வேணும், அதனால ஓடை. கொட்டி அழிக்கிறதும் அதே ஓடைக்கரையில. வெளியுலகத்துக்கு அந்த ஓடைன்னா ஒரு குற்றம் நடந்த இடம். வேற எதுவா இருந்ததுன்னு யாரும் கேக்கிறதில்லை.

இப்போ தெற்கே போவோம். திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்கு வழிச்சாலையில போறவங்க மேலூர் தாண்டினதும் வலது பக்கம் பாருங்க. சமவெளியில திடீர் திடீர்னு மொட்டைப் பாறைக் குன்றுகள் எழும்பி நிக்கும். கல்வராயன் மாதிரி பெரிய மலை இல்லை. ஏறி இறங்க ஒரு காலைப்பொழுது போதும். அந்தக் குன்றுகளுக்கு நடுவுல இருக்கிற ஊர்தான் அரிட்டாபட்டி. 2022 நவம்பர் 22-ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சது. மாநிலத்திலேயே அதுதான் முதல்.

அந்த அறிவிப்புல ஒரு கணக்கு இருக்கு. ஏழு குன்றுகள் சேர்ந்த தொடர் நீர்ப்பிடிப்புப் பகுதியா இருந்து 72 ஏரி குளங்களுக்கும், 200 இயற்கைச் சுனைகளுக்கும், 3 தடுப்பணைகளுக்கும் தண்ணீர் தருதுன்னு. அந்தக் குளங்கள்ல ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்துல, 16-ஆம் நூற்றாண்டுல வெட்டினதுன்னு சொல்றாங்க. இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க. 193 ஹெக்டேருக்குள்ள 72 குளம் அடங்காது. தண்ணி பிடிக்கிற இடம் ஒண்ணு, அது போய்ச் சேர்ற இடம் எல்லைக்கு வெளியே ரொம்ப தூரத்துக்கு. பின்னாடி இதுதான் முழுச் சண்டையா மாறப் போகுது.

முதல்ல அங்கே என்னென்ன வாழுதுன்னு பார்த்துடுவோம், ஏன்னா இதுல எனக்கு ஆர்வம் ஜாஸ்தி. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுல மூணு வேட்டைப் பறவைகளைத் தனியா சொல்லணும்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு. இந்த மாதிரிப் பறவைக்கு ரெண்டு விஷயம் ஒரே இடத்துல வேணும். முட்டை வைக்க மனுஷனோ பூனையோ ஏற முடியாத செங்குத்துப் பாறை. அதுக்குக் கீழே இரை. பாறை நிறைய இடத்துல இருக்கு. ஆனா பாறைக்குக் கீழேயே சுனை, சுனைக்குக் கீழே கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல், நடுவுல முள்ளுக்காடுன்னு அடுக்கா அமையறது அபூர்வம். கண்மாய்க்குப் புறா, கொக்கு, மைனா வரும். முள்ளுக்காட்டுல ஓணான், அரணை, எலி. மேலே பாறை விளிம்புல உக்காந்திருக்கிற வல்லூறுக்குக் கீழே இருக்கிறது ஒரு சாப்பாட்டு மேசை. லகர் வல்லூறு நம்ம நாட்டு வறண்ட சமவெளிக்கே உரிய பறவை, எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது.

இரவுல தேவாங்கு. பூனைக்குட்டியை விடச் சின்னது. பெரிய உருண்டைக் கண்ணு, வால் கிடையாது. கிளை விட்டுக் கிளை தாவாது, பிடிச்சுப் பிடிச்சு நடக்கும். அதனால மரங்கள் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் அதுக்கு வழி. வரிசையில ரெண்டு மரம் போனா பாலம் உடைஞ்ச மாதிரி. அரிட்டாபட்டி அறிவிப்பு வந்த அதே ஆண்டு, ஒரு மாசம் முன்னாடி, கரூர் திண்டுக்கல் எல்லையில கடவூர்ல தேவாங்குக்குன்னே ஒரு சரணாலயம் அறிவிச்சாங்க. நாட்டுலேயே முதல். அது 11,806 ஹெக்டேர். இது 193. ஆனா தேவாங்கு ரெண்டுலயும் இருக்கு.

அப்புறம் எறும்புதின்னி. சில ஊர்ல அழுங்குன்னு சொல்வாங்க. செதிலுக்காக உலகம் முழுக்கக் கடத்தப்படுற விலங்கு. மலைப்பாம்பும் உண்டு. இதெல்லாம் பெரிய காட்டுக்குள்ள இல்லை, ஆடு மேய்க்கிற இடத்துல, நெல் நடுற வயலுக்குப் பக்கத்துல. நம்ம மனசுல காட்டுயிர்னா யானை, புலி, ஜீப் சஃபாரி. இங்கே ஜீப்பும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

இனி வரலாறு. அரிட்டாபட்டியைச் சேர்ந்த கழிஞ்சமலையில ஒரு குகைத்தளம் இருக்கு. அங்கே ரெண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, ரெண்டாயிரம் ஆண்டுக்கு மேல பழசு. சமணத் துறவிகள் தங்கக் குகையைச் செதுக்கிக் கொடுத்தவங்க பேரைச் சொல்ற கல்வெட்டு. ஒருத்தர் நெல்வேலியோட தொடர்புள்ளவர். இன்னொண்ணுல இலஞ்சின்னு ஊர்ப்பேர். நெல்வேலி இன்றைய திருநெல்வேலியா இருக்கலாம், இலஞ்சி குற்றாலத்துப் பக்கத்து இலஞ்சியா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இலஞ்சின்னா பழந்தமிழ்ல குளம். குளத்துப் பேர் கொண்ட ஊர்க்காரன் ஒருத்தன், சுனை இருக்கிற மலையில துறவிகளுக்கு இடம் அமைச்சுக் கொடுத்திருக்கான்!

துறவிகள் ஏன் இந்த மாதிரிக் குன்றுகளைத் தேடினாங்க? ஊர்ல பிச்சை எடுக்கிற தூரம் இருக்கணும், ஊர்ச் சத்தம் இருக்கக் கூடாது. அதோட தண்ணி. மதுரையைச் சுத்தி இருக்கிற சமணக் குன்றுகள்ல படுக்கைக்குப் பக்கத்துல சுனை இருக்கிறதை நீங்களே போய்ப் பார்க்கலாம். குகை நெற்றியில காடி வெட்டியிருப்பாங்க, மழைத்தண்ணி உள்ளே வழியாம வெளியே சொட்ட. தண்ணி வேணும், ஆனா படுக்கையில வேண்டாம். எவ்வளவு நடைமுறையான ஆளுங்க!

பிறகு 7, 8-ஆம் நூற்றாண்டு வாக்குல பாண்டியர் காலத்துல அதே வட்டாரத்துப் பாறையில ஒரு சிவன் குடைவரை. உள்ளூர்ல அதுக்கு இடைச்சி மண்டபம்னு பேர். தமிழ்நாட்டுல அதிகம் பார்க்க முடியாத லகுலீசர் சிற்பம் அதுல இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அடுத்த அடுக்கு. குகைத்தளத்துக்கிட்ட ஒரு தீர்த்தங்கரர் உருவம் இருக்கு, 9, 10-ஆம் நூற்றாண்டு. கீழே வட்டெழுத்துல கல்வெட்டு. மலைக்குத் திருப்பிணையன்மலைன்னு பேர் சொல்லுது. உருவத்தைச் செய்வித்தவர் அச்சணந்திங்கிற சமணத் துறவி. கடைசியில இது பாதிரிக்குடிக்காரங்க காவல்னு சொல்லி முடியுது. அரசன் காவல்னோ படை காவல்னோ இல்லை, பக்கத்து ஊர்க்காரங்க காவல். நம்ம கல்வெட்டுகள்ல இந்த வழக்கம் புதுசு இல்லை, நிறைய இடத்துல தானம் கொடுத்துட்டு ஊரார் பொறுப்புல விடுவாங்க. ஆனா ஆயிரம் வருஷம் கழிச்சு அதே மலையில அதே வார்த்தைக்கு என்ன ஆச்சுங்கிறதை நினைச்சா இது சாதாரண வரியாத் தெரியலை.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். இந்தக் குன்றுகளுக்கு நவீன காலத்துல வந்த முதல் ஆபத்து கிரானைட். மேலூர் வட்டாரம் முழுக்க 1990-களுக்குப் பிறகு குன்றுகளை அறுத்து ஏற்றுமதி பண்ணினாங்க. 2012-ல மதுரை ஆட்சியரா இருந்த சகாயம் அனுப்பின அறிக்கையில அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்புன்னு கணக்கு சொன்னார். அப்போ பத்திரிகையெல்லாம் கோடியைத்தான் எழுதினாங்க. கண்மாய் மூடிப் போனது, வரத்துக் கால்வாய் கல் கழிவுக்கு அடியில போனது, சுனை நின்னது, இதுக்கெல்லாம் யாரும் கோடியில கணக்குப் போடலை. மேலூரைச் சுத்திப் போனா இன்னும் பார்க்கலாம். சதுரமா வெட்டின பச்சைத் தண்ணிக் குழிகள், பக்கத்துல அடுக்கி விட்டுப் போன பாறைத் துண்டுகள். அரிட்டாபட்டிக் குன்றுக்கும் குவாரி வர இருந்தது. ஊர்க்காரங்க எதிர்த்து நின்னாங்க, மலை தப்பிச்சது. பக்கத்து ஊர்கள்ல என்ன நடந்ததுன்னு கண்ணால பார்த்தவங்க அவங்க. அதனால அவங்களுக்குச் சூழலியல் வகுப்பு எடுக்க யாரும் தேவைப்படலை.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2022 அறிவிப்பு. அது எந்தச் சட்டத்துல வருதுன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம், ஏன்னா சரணாலயமும் இதுவும் வேற வேற. 1992-ல ரியோ டி ஜெனீரோவுல பல்லுயிர் உடன்படிக்கை வந்தது. அதையொட்டி இந்தியா 2002-ல பல்லுயிர்ச் சட்டம் கொண்டு வந்தது. அதோட 37-ஆவது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துக்கிட்டு மாநில அரசு பாரம்பரியத் தலங்களை அறிவிக்கலாம்னு சொல்லுது. நாட்டுலேயே முதல் தலம் 2007-ல பெங்களூர் பக்கத்துல நல்லூர் புளியந்தோப்பு. 1972 வனவிலங்குச் சட்டத்துல சரணாலயம்னா, உள்ளே போறது வர்றது மேய்க்கிறது எல்லாத்துக்கும் வனத்துறை ஒழுங்கு வரும். இதுல அப்படியில்லை. மக்கள் ஏற்கெனவே பண்ணிட்டிருக்கிற பழக்க வழக்கங்களை அவங்களாவே கட்டுப்படுத்திக்கிட்டா உண்டு, மேலேருந்து தடை போடறதுக்கு இது இல்லைன்னு தேசியப் பல்லுயிர் ஆணையத்தோட வழிகாட்டு நெறி சொல்லுது. ஆடு மேயலாம், சாமி கும்பிடலாம், கண்மாயில மீன் பிடிக்கலாம்.

இதைக் கேட்டா அழகா இருக்கு. ஆனா வலு எவ்வளவு? அதுக்குச் சோதனை ரெண்டே வருஷத்துல வந்தது.

டங்ஸ்டன் தெரியுமா? பழைய குண்டு பல்புக்குள்ள மின்னின அந்த இழை. 3,400 டிகிரி செல்சியஸ் தாண்டினாத்தான் உருகும். இன்னைக்கு அதோட முக்கிய வேலை, பாறை துளைக்கிற முனை, இரும்பு அறுக்கிற கருவி, ராணுவத் தளவாடம். உலக உற்பத்தியில பெரும்பங்கு சீனா. அதனால சொந்த நாட்டுல தேடணும்னு இந்தியா நினைக்கிறதுல தப்பு இல்லை. 2023-ல சுரங்கச் சட்டத்தைத் திருத்தினாங்க. டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடுற அதிகாரம் மாநிலங்கள்கிட்டேருந்து ஒன்றிய அரசுக்குப் போனது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்குக்கு ஏலத்துல ஹிந்துஸ்தான் ஜிங்க் தேர்வாச்சுன்னு அறிவிப்பு வந்தது. பரப்பு 2,015 ஹெக்டேர் சொச்சம். ஏறத்தாழ 5,000 ஏக்கர். அதுக்குள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, அ. வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டின்னு வரிசையா ஊர்கள். பாரம்பரியத் தலம் அந்த வரைபடத்துல பத்துல ஒரு பங்கு கூட இல்லை.

ஊர் எப்படி எழும்பிச்சுன்னு நீங்க அப்போ செய்தியில பார்த்திருப்பீங்க. நவம்பர் கடைசியில கிராம சபைகள்ல தீர்மானம். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்துல ஒருமனதாத் தீர்மானம். யார் எப்போ எதிர்த்தாங்க, யார் எப்போ சும்மா இருந்தாங்கன்னு ரெண்டு அரசுகளும் ஒண்ணை ஒண்ணு குத்தம் சொல்லிக்கிட்டதும் நடந்தது. அதுல நான் போகலை.

எனக்கு முக்கியமான நாள் டிசம்பர் 24. அன்னைக்கு ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஒரு அறிக்கை விட்டது. மொத்தம் 20.16 சதுர கிலோமீட்டர்ல 1.93 சதுர கிலோமீட்டர் மட்டும்தான் பல்லுயிர்த் தலம். அந்தப் பகுதியை விட்டுட்டு எல்லையை மாத்தி வரையலாமான்னு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கோம்.

கேட்கும்போது நியாயமான சமரசம் மாதிரி இருக்கு, இல்லையா? தலத்தை விட்டுடறோம், மிச்சத்தை எடுத்துக்கறோம். நகரத்துல இருக்கிற நம்மள்ல பல பேர் 'சரி, முடிஞ்சது'ன்னு அடுத்த செய்திக்குப் போயிருப்போம். அங்கேதான் மேலூர்க்காரங்க இல்லைன்னாங்க.

ஏன்? நான் முதல்ல சொன்ன 72 குளம் கணக்குக்கு வாங்க. குன்றைச் சுத்திக் கோடு போட்டுட்டு வெளியே வெடி வச்சா, வெடிப்பு கோட்டுல வந்து நிக்காது. சுரங்கக் குழி ஆழமாகும்போது குழிக்குள்ள ஊறுற தண்ணியை வெளியே இறைச்சுக்கிட்டே இருக்கணும். சுத்தி இருக்கிற நிலத்தடி நீர் அந்தக் குழியைப் பார்த்து நகர ஆரம்பிக்கும். வரத்துக் கால்வாய் வெட்டுப்பட்டா கண்மாய்க்குத் தண்ணி வராது. கண்மாய் வறண்டா பறவை வராது. பாறை அப்படியே பத்திரமா இருக்கும், வல்லூறுக்குச் சாப்பாடு மட்டும் இருக்காது. மிஞ்சறது ஒரு காட்சிப் பொருள். அரசாங்கக் காகிதத்துல 193 ஹெக்டேர் முழுசா இருக்கும், அதுல உயிர் இருக்காது. இதைத் தவிர நேரடியான காரணமும் உண்டு. மிச்சம்னு சொன்ன 18 சதுர கிலோமீட்டர்ல அவங்க வீடு, வயல், கோயில் எல்லாம் இருந்தது. ஒரு ஊரைக் காப்பாத்தப் பக்கத்து ஊரை விட்டுக் கொடுக்க யாரும் தயாரா இல்லை.

2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு ஆயிரக்கணக்குல நடந்தாங்க. விவசாயிகள், வியாபாரிகள், பெண்கள், காலேஜ் பசங்க. மேலூர்ல கடையடைப்பு. ஜனவரி 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை முழுசா ரத்து பண்ணினதா அறிவிச்சது. அரசு சொன்ன காரணத்துல ரெண்டு விஷயம் இருந்தது: பல்லுயிர்ப் பாரம்பரியம், மக்களோட மரபு உரிமை.

இப்போ ஒரு கணக்கு. பாரம்பரியத் தலம்கிற அறிவிப்பு இல்லாம இருந்திருந்தா மக்கள் மட்டும் போதுமா? என் கணிப்பு, ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும். நாட்டுல எவ்வளவோ இடத்துல மக்கள் நின்னும் நிலம் போயிருக்கு. மறுபக்கம், மக்கள் இல்லாம அறிவிப்பு மட்டும் இருந்திருந்தா? டிசம்பர் 24 அறிக்கையோட கதை முடிஞ்சிருக்கும். அந்த 193 ஹெக்டேர் சுரங்கத்தைத் தடுக்கலை. ஆனா பேசறதுக்கு ஒரு பிடி கொடுத்தது. 'எங்க மலை'ன்னு சொன்னா டெல்லியில கேக்க ஆள் இல்லை. 'நீங்களே அறிவிச்ச தலம்'னு சொன்னா பதில் சொல்லியாகணும். வேட்டைப் பறவை, தேவாங்கு, கல்வெட்டு எல்லாமே ஒரே காகிதத்துல இருந்ததால, சூழல் ஆர்வலர், தொல்லியல் ஆள், விவசாயச் சங்கம், வியாபாரி எல்லாரும் ஒரே பக்கம் நிக்க முடிஞ்சது. கல்வெட்டுல இருந்த 'பாதிரிக்குடிக்காரங்க காவல்' கூட அப்படித்தான். கல்லுல எழுதினதும் வேணும், எழுதினதுக்குப் பொறுப்பா ஊரும் வேணும்.

சரி, கல்வராயன்மலைக்குத் திரும்பலாம். அந்த 37-ஆவது பிரிவு மேலூருக்கு மட்டும் இல்லை. அரிட்டாபட்டிக்குப் பிறகு 2025-ல திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில ஒரு கோயில்காடு இதே பிரிவுல வந்தது. 4.97 ஹெக்டேர்தான். அதே வருஷம் ஈரோடு மாவட்டத்துல எலத்தூர்க் குளம். அதாவது பெரிய காடு வேணும்னு அவசியமே இல்லை. ஒரு சுனை, அதைச் சுத்திக் கோயில்காடு, கீழே ஓடை, இவ்வளவு போதும் கேக்கறதுக்கு.

ஆனா கேக்கறது யாருங்கிறதுலதான் நம்ம மலைக்கும் அந்த மலைக்கும் வித்தியாசம். மேலூர்ல நிலம் பெரும்பாலும் மக்கள் பேர்ல பட்டா. கண்மாய்க்கு ஆயக்கட்டு, கோயிலுக்கு முறை, ஊருக்குக் கூட்டம். கல்வராயன்ல இன்னும் பட்டா கேட்டு நிக்கிறாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு அத்தனை பேர் செத்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாவே முன்வந்து கல்வராயன்மலை மக்களோட நிலைமையை வழக்கா எடுத்தது. அதுல பேசப்பட்டது ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன். எழுபது வருஷம் முன்னாடி முடிஞ்சிருக்க வேண்டிய விஷயங்கள். ஆம்புலன்ஸ் வராத ஊர்ல போய் லகர் வல்லூறு பத்திப் பேசினா யார் கேப்பாங்க? கேக்கவும் வேண்டியதில்லை. அதோட, 'பாதுகாப்பு'ன்னு ஒரு வார்த்தையோட அரசாங்கம் வந்தா மலையாளி மக்களுக்கு முதல்ல வர்றது பயம். காப்புக்காடுன்னு எல்லைக்கல் நட்டபோது அவங்க இழந்தது அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் எனக்குச் சரணாலயம்கிற யோசனையை விட, மேய்ச்சலையும் தேனையும் தடுக்காத இந்த 37-ஆவது பிரிவு நம்ம மலைக்குப் பொருத்தமாப் படுது.

முதல் படி ஒண்ணு ஏற்கெனவே சட்டத்துல இருக்கு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், அந்தக் குழு மக்களைக் கேட்டு ஒரு பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். எந்தச் சுனைக்கு என்ன பேர், எந்த மாசம் வத்தும், யார் தூர் வாருவாங்க, அங்கே என்ன செடி, என்ன பறவை. வெள்ளிமலையைத் தலைமையிடமா வச்ச கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்துல ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தப் பதிவேடு எந்த நிலையில இருக்கு, அதுல சுனைகள் பேர் சொல்லி எழுதப்பட்டிருக்கான்னு யார் வேணும்னாலும் கேக்கலாம். சென்னையில உக்காந்துக்கிட்டே தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம், பத்து ரூபாய் கட்டணம்.

எனக்குக் கேள்வி அனுப்பின சின்னசேலத்துக்காரருக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது மேலே ஏறி, வயசானவங்ககிட்ட உக்காந்து, அந்தச் சுனைகளோட பேரைக் கேட்டு எழுதி அனுப்புங்க. மத்தவங்களும், பச்சைமலை, ஜவ்வாது, கொல்லிமலைன்னு எங்கேருந்து கேட்டாலும் சரி, பேரோட, எந்த மாசம் வரைக்கும் தண்ணி இருக்கும்கிறதையும் சேர்த்து அனுப்புங்க. வந்ததை அடுத்த மாசம் இதே இடத்துல வாசிக்கிறேன்.